பன்னிரண்டு வயது தோளுக்கு ஒரு தோட்டா

துப்பாக்கி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பாட்டியின் வாயிலிருந்து. அவர் அதைத் துப்பாக்கி என்று சொல்லமாட்டார், 'செனாப்பாங்' என்பார். தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கி மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிவிட்டால், உரிமம் வைத்திருந்த ஓர் ஆள் செனாப்பாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு நாய்களோடு வருவாராம். அன்று லயத்துப் பிள்ளைகள் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த ஆளைப் பார்த்தால் கூட ஓடி ஒளிந்துகொள்வோம் என்று பாட்டி சொல்வார்.

என் தலைமுறைக்கு அதுவும் இல்லை. துப்பாக்கி என்றால் காவல்துறை, நகைக்கடைக் காவலர், இல்லாவிட்டால் தூக்குக் கயிறு. குற்றம் செய்யும்போது சுட்டாலே மரணம் என்று சொல்லும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ள நாட்டில் வளர்ந்தவள் நான். 2023-இல்தான் நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்கும் வாய்ப்பு வந்தது. ஆகவே, 2010-இல் நியூசிலாந்தில் ஊடகப் படிப்பு படித்தபோது நான் தங்கியிருந்த வீட்டில், இரவுச் சாப்பாட்டு மேசையில், "சின்னவளுக்கு எந்தத் தோட்டா வாங்கலாம்?" என்று பேச்சு எழுந்தபோது என் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

சின்னவளுக்கு வயது பன்னிரண்டு. நாற்பது கிலோகூட இருக்கமாட்டாள்.

கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரர் வேலி போடும் தொழில் செய்தார். அவருடைய அப்பா, மனைவி, பதினேழு வயது மகன், இந்தச் சின்னவள். மாதத்திற்கு ஒருமுறையாவது மான் இறைச்சி சமைப்பார்கள். கடையில் வாங்கியது அல்ல.

மானைக் கொல்வது எனக்கு முதலில் பெரிய பாவமாகத்தான் பட்டது. பிறகு அந்த நாட்டுக் கதை கொஞ்சம் புரிந்தது. நியூசிலாந்தின் சொந்த மண்ணில் தரையில் வாழும் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மான்களைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள், 19-ஆம் நூற்றாண்டில், வேட்டையாடி மகிழ்வதற்காக. அங்கே புலி இல்லை, ஓநாய் இல்லை. மான்கள் பெருகிப் பெருகிக் காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்க்க, 1930-களில் அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆட்களை மலைக்கு அனுப்பி மான்களைச் சுட வைத்தது. 1904-இல் கொண்டுபோன இமயமலை வரையாட்டுக்கும் இதே கதைதான். தன் சொந்த மலையில் எண்ணிக்கை குறைந்துவரும் அந்த ஆடு, அங்கே மலைச்சரிவை மொட்டையடிக்கும் தொல்லை. இன்றும் பொதுநிலத்தில் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு இலவசம். துப்பாக்கி உரிமம் பெறப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருந்து கண்காணித்தால் சுடலாம்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். அந்த மேசையில் மூன்று கட்சிகள் இருந்தன.

தாத்தாவின் கட்சி .270 வின்செஸ்டர். 1925-இல் வந்தது. "நான் இதில்தான் தொடங்கினேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்பதுதான் அவருடைய ஒரே வாதம். நம் வீட்டிலும் இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறேன், பிரம்படி பற்றி.

வீட்டுக்காரருக்கு 7 மி.மீ.-08 ரெமிங்டன். அவர் மனைவிக்கு .243 வின்செஸ்டர். அந்த அம்மாவும் வேட்டைக்குப் போகிறவர்தான், .243 அவருடைய சொந்த ரைபிள்.

எனக்கு இந்த எண்கள் லாட்டரிச் சீட்டு மாதிரி இருந்தன. அந்த அம்மாதான் சமையலறை மேடையில் மூன்று தோட்டாக்களை நிற்க வைத்து விளக்கினார். .308 என்ற தோட்டா 1952-இல் சந்தைக்கு வந்தது. அதன் பித்தளைக் கூட்டை ஒரு சொம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சொம்பின் கழுத்தை 7 மி.மீ. குண்டு உட்காரும் அளவுக்கு ஒடுக்கினால் 7-08. இன்னும் ஒடுக்கி 6 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் .243. சொம்பு ஒன்றுதான், வாய்தான் சிறிது பெரிது. வாய் சிறுத்தால் குண்டும் சிறுக்கும். .243-இல் மானுக்குப் போடுவது பெரும்பாலும் 100 கிரெய்ன் எடையுள்ள குண்டு. 7-08-இல் 140 கிரெய்ன். .308-இல் 150-க்கு மேல்.

கிரெய்ன் என்பது ஒரு காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் எடை. நம் ஆசாரிகள் குன்றிமணியில் பொன் நிறுத்த மாதிரிதான். 100 கிரெய்ன் ஆறரை கிராம். கையில் வைத்தால் ஒரு சின்ன மோதிரத்தின் கனம். அது நூறு கிலோ எடையுள்ள ஒரு பெண் மானைக் கீழே சாய்த்துவிடும் என்று நம்பவே முடியவில்லை.

"சாய்க்கும், ஆனால் சரியான இடத்தில் பட்டால்தான்" என்றார் அந்த அம்மா. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டில், நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம். அகலமாகச் சொன்னால் ஒரு ரொட்டிச்சானாய் தட்டு அளவு. (தட்டு உவமை என்னுடையது.) பெரிய குண்டு பிழையை மன்னிக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். வயிற்றில் பட்ட பெரிய குண்டு, வயிற்றில் பட்ட குண்டுதான் என்று அவர் மனைவி சொன்னார்.

கணவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. .243 ஒரு விளிம்பில் நிற்கிற தோட்டா. இங்கிலாந்தில் பெரும்பாலான மான் வகைகளைச் சுட சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச விட்டம் .240 அங்குலம், இது மயிரிழையில்தான் உள்ளே வருகிறது. முயலுக்கும் நரிக்கும் செய்யப்பட்ட இலேசான குண்டுகளும் இதே தோட்டாவில் கிடைக்கும். கடையில் கவனிக்காமல் அதை வாங்கி மான்மேல் சுட்டால், குண்டு மேலேயே சிதறி, விலங்கு காயத்தோடு ஓடும். ஆண் மான், தூரம் அதிகம், கோணம் சரியில்லை என்றால் 7-08-தான் நிம்மதி. பிள்ளை வளர்ந்த பிறகும் அதை மாற்றத் தேவையில்லை. காசு போடுகிற மனுஷன் அப்படித்தான் கணக்குப் போடுவார்.

ஆனால் உதை என்று ஒன்று இருக்கிறது. குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும். ஒரே எடையுள்ள ரைபிளில் .243 கொடுக்கும் உதையைவிட 7-08 கொடுப்பது கணிசமாக அதிகம். .308 ஒன்றரை மடங்குக்கும் மேல். வீட்டுக்காரர் மலையில் வரையாட்டுக்கு எடுத்துப்போகும் .300 வின்செஸ்டர் மேக்னம் இரண்டரை மடங்கைத் தாண்டும்.

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் பெரியவன், அந்தப் பதினேழு வயது மகன், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விடுவான்.

காரணத்தை அந்த அம்மா ஒருநாள் பாத்திரம் கழுவும்போது சொன்னார். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா தன்னுடைய .308-ஐக் கொடுத்தாராம். தூக்கிக்கொண்டு நடக்க இலேசாக இருக்கட்டும் என்று வாங்கிய ரைபிள். இலேசான துப்பாக்கி அதிகமாக உதைக்கும். பின்கட்டையும் பெரியவர்களுக்கான நீளம். பையன் கழுத்தை நீட்டித் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டி வைத்துச் சுட்டான். துப்பாக்கி பின்னால் வந்து தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். அப்பா, "இனி நீயும் வேட்டைக்காரன்தான்" என்று முதுகில் தட்டினார். தாத்தா தன் புருவத்தில் உள்ள தழும்பைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் அவனை மலைக்கு அழைத்துப் போனார்கள். அறுபது மீட்டரில் ஒரு பெண் மான், அசையாமல் நின்றது. அவன் விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டான். குண்டு தாடையில் பட்டது. இருட்டும்வரை தேடினார்கள், டார்ச் விளக்கோடு தேடினார்கள், மறுநாள் மதியம்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. தாடை போன மான் என்ன ஆகும் என்று பையன் வழியெல்லாம் கேட்டானாம். யாரும் பதில் சொல்லவில்லை. அவன் அதன்பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. மான் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. "அவனுக்கு மனசு இளகினது" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லி முடித்துக்கொண்டார்.

சின்னவளுக்கு வாங்குவதற்குமுன் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அந்த அம்மா பிடிவாதமாக இருந்தது இதனால்தான். 7-08 ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினார்கள். ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பண்ணையில், ஒரு மேட்டின் முன்னால் அட்டையை நட்டு வைத்தோம். நானும் போனேன், காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு.

சோதனை எளிமையானது. சுடுபவர் பார்க்காதபோது இன்னொருவர் தோட்டாவை ஏற்றித் தருவார். சிலவற்றில் மருந்து இருக்கும், சில வெறும் போலித் தோட்டா. எது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. உண்மைத் தோட்டா வெடிக்கும்போது எல்லாரும் குலுங்கத்தான் செய்வார்கள், அதில் ஒன்றும் தெரியாது. போலி வந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். அப்போது குழலின் நுனியைப் பார்க்கவேண்டும். அசையாமல் இருந்தால் சரி. கீழே முக்கினால், அவர் வராத உதைக்கு முன்கூட்டியே தோளைத் தள்ளியிருக்கிறார், கண்ணை இறுக்கியிருக்கிறார் என்று பொருள். அப்படிச் சுடுகிற குண்டு எங்கே போகும் என்று சொல்லமுடியாது.

சின்னவள் .243-இல் எட்டு முறை விசையை அழுத்தினாள். மூன்று போலி. மூன்றிலும் குழல் கல் மாதிரி நின்றது. 7-08-இல் முதல் போலிக்கு அசையவில்லை. நாலைந்து உண்மைக் குண்டுகளுக்குப் பிறகு வந்த போலிக்கு நுனி இலேசாகக் கீழே முக்கியது. அவளுக்கே தெரிந்தது. "இல்லை, இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவையும் முக்கியது.

என்னையும் .243-ஐச் சுடச் சொன்னார்கள். நான் முதல் போலிக்கே ஒரு சாண் முக்கினேன். அது பரவாயில்லை, நான் பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். சின்னவள், "அப்பா, இப்போது நீங்கள்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தன் .300 மேக்னத்தை எடுத்தார். இருபது வருட அனுபவம். அவள் திரும்பி நின்று தோட்டா ஏற்றிக் கொடுத்தாள். முதல் உண்மைக் குண்டு அட்டையின் நடுவில் விழுந்தது. இரண்டாவது, 'டிக்'.

குழல் முக்கியது. கொஞ்சம் அல்ல, தோளோடு சேர்ந்து முன்னால் குனிந்தது. ஒரு கணம் யாரும் பேசவில்லை. சின்னவள்தான் கைதட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு இன்னொரு முறை ஏற்றச் சொன்னார். மறுபடியும் முக்கியது. மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, உறையில் வைத்துவிட்டார்.

இன்று வானொலியில் புதியவர்களுக்குப் பயிற்சி தரும்போது எனக்கு அந்தக் குழல் நினைவுக்கு வருவதுண்டு. சிவப்பு விளக்கு எரிவதற்கு ஒரு நொடி முன்பே சிலர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், முதல் சொல் தொண்டையில் மோதி வரும். நேரலை என்று சொல்லிவிட்டு வெறும் பதிவு வைத்து அவர்களைச் சோதித்திருக்கிறேன். பதிவு என்று சொல்லிவிட்டு நேரலையில் விட்டிருக்கிறேனா என்று கேட்காதீர்கள்.

அன்று இரவு நான் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியே பின்கொட்டகை தெரியும். அங்கே விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் பெரியவனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வாசலில் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பையன், வெகுநேரம் கழித்து உள்ளே போய் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான். அவர் போலித் தோட்டா ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் தேநீரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். மற்றவர் வீட்டுக் கொட்டகையை அதற்குமேல் பார்ப்பது சரியில்லை.

.243 என்று முடிவானது. பழைய ரைபிள் ஒன்று வாங்கினார்கள், சற்றுக் கனமானது, வேண்டுமென்றே. பின்கட்டை அவளுக்கு நீளமாக இருந்தது. முழங்கையை மடக்கிக் கட்டையின் பின்பக்கத்தை அதில் வைத்தால் ஆள்காட்டி விரல் விசையை எட்டவேண்டும், எட்டவில்லை. வீட்டுக்காரர் பென்சிலால் கோடு போட்டு, நாலு சென்டிமீட்டர் மரத்தை அறுத்தெடுத்து, இரப்பர் மெத்தையைத் திரும்ப முடுக்கினார். அறுத்த துண்டை எறியவில்லை. அவள் வளர வளரத் திருகாணி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தார். குழலின் முனையில் சத்தம் அடக்கும் குழாய் பொருத்தினார். நம் படங்களில் அது கொலைகாரன் சாமான், அங்கே சாதாரணம். சத்தம் குறையும், உதையும் கொஞ்சம் குறையும். பிறகு மூன்று வாரம் அவள் அதைத் தொடவே இல்லை. .22 சிறு ரைபிளில், உதையே இல்லாத அதில், தினமும் பள்ளிவிட்டு வந்து இருபது தோட்டா.

ஏப்ரல் பள்ளி விடுமுறையில் லூயிஸ் பாஸ் பக்கம் போனோம். பீச் மரக் காடு, ஆற்றோரப் புல்வெளி, உயிரை வாங்கும் மணல் ஈக்கள். கிளம்பும்போது பெரியவன் பெரிய முதுகுப்பையோடு வந்து வண்டியில் ஏறினான். துப்பாக்கி இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தாத்தா மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

முதல்நாள் மாலை ஒரு மான் தெரிந்தது. நல்ல மான், நூறு மீட்டருக்குள். ஆனால் அது மலைமுகட்டில், வானத்தைப் பின்னால் வைத்து நின்றது. சின்னவள் தொலைநோக்கியில் பார்த்தாள். விசைமேல் விரல் போகவில்லை. "பின்னால் ஒன்றும் இல்லை அப்பா" என்றாள். தவறிய குண்டு முகட்டைத் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் போகும், அந்தப் பக்கம் யார் நடக்கிறார்கள் என்று தெரியாது. மான் எங்களை நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. ஈக்கடியை மீறி எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் விடியலில் ஆற்றுக்கு அப்பால் இளம் பெண் மான் ஒன்று மேய்ந்தது. எண்பது மீட்டர் இருக்கும், பக்கவாட்டில் நின்றது, பின்னால் மண்மேடு. அவள் முதுகுப்பையின்மேல் ரைபிளைச் சாய்த்துப் படுத்தாள். அந்தப் பை அண்ணனுடையது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்திருந்தான். சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னது. மான் துள்ளி, முப்பது நாற்பது அடி ஓடி, மடங்கி விழுந்தது.

உடனே போகவிடவில்லை. பத்து நிமிடம் காத்திருக்கச் செய்தார் அப்பா. அந்தப் பத்து நிமிடமும் அவள் அழுதாள். "அதற்கு வலித்திருக்குமா?" என்றாள். அப்பா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவன், "கொஞ்ச நேரம்தான், நான் எண்ணினேன், ஐந்துகூட ஆகவில்லை" என்றான்.

இறைச்சியைச் சுமந்து வந்தவனும் அவன்தான். நான் கோலாலம்பூரிலிருந்து விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்துக் கொண்டுபோன மசாலாத் தூளைப் போட்டு ஒரு பெரட்டல் செய்தேன். எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டார்கள். பெரியவன் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான். அவன் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. காலை நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் கிறைஸ்ட்சர்ச் என்ற பெயர் என் திரையில் வந்தது. இரண்டு பள்ளிவாசல்கள். கொல்லப்பட்டவர்கள் 51 பேர், பாதிக்கப்பட்டவர்களில் நம் மலேசியர்களும் இருந்தார்கள். செய்தியை வாசித்துவிட்டு வெளியே வந்து அந்த வீட்டுக்கு அழைத்தேன். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். ஒரு மாதத்திற்குள் அந்த நாடு பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்தது. தாத்தா தன்னிடமிருந்த ஒன்றை முதல் வாரமே கொண்டுபோய் ஒப்படைத்தார். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றவேண்டிய .243-ஐச் சட்டம் தொடவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு அவர்கள் மலைக்குப் போகவில்லை.

கடந்த ஆண்டு இறுதியில் சின்னவள் ஒரு படம் அனுப்பினாள். அவளுக்கு இப்போது இருபத்தாறு. பதினைந்து வயதிலேயே அந்த மரத்துண்டு அவள் ரைபிளில் திரும்ப ஏறிவிட்டது எனக்குத் தெரியும். படத்தில் அதே துண்டு கழற்றப்பட்டுச் சமையலறை மேடையில் கிடந்தது. பக்கத்தில் இரண்டு திருகாணிகள், ஒரு பொட்டலம் போலித் தோட்டா. மேடைக்குமேல் கண் மட்டும் தெரிய எட்டிப் பார்க்கும் ஒரு சிறுமி, பெரியவனின் மகள். மலைக்குப் போக அவளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறதாம். இப்போது அளவு பார்ப்பதோடு சரி.

கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். "அண்ணன் கேட்கிறான், அந்தக் காரத் தூளின் பெயர் என்ன?"

ஒரு கிலோ பொட்டலம் வாங்கி அனுப்பினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே பெரிய எழுத்தில் எழுதி.